பினாங்கில் ஒரு பகல்

எங்கள் இலுப்பூர் வீட்டில் 'சபராளி' என்றால் என் பாட்டனார்தாம். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கு சென்று, பதினெட்டாண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர். சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் சென்ற எனக்கும் என் துணைவியாருக்கும் அதே தீவில் கிடைத்தது ஒரேயொரு பகல்.

கப்பலார் நடத்தும் சுற்றுலாவில் செல்வோர் தாமதித்தால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும்; தாமாகச் செல்வோருக்காகக் காத்திராது. ஆகவே கப்பலேற வேண்டிய நேரத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே திரும்பிவிடுவதென முடிவு செய்தோம். இவ்வளவு கவனம் இருந்தால் போதும். கப்பலாரின் கட்டணம் வீண் என்பேன்.

ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை ஜார்ஜ் டவுன் நகரை ஒட்டியே உள்ளது. கூட்டமெல்லாம் 1923 முதல் இழுவை ரயில் ஓடும் பினாங்கு மலைக்குச் செல்ல, நாங்கள் நகரப் பேருந்தில் மலைகளுக்கு அப்பாலுள்ள பாலிக் புலாவ் சென்றோம். மலாய் மொழியில் 'தீவின் பின்புறம்' என்று பொருள். சரிவெங்கும் டுரியான், கிராம்பு, ஜாதிக்காய் மரங்கள். நாம் அறிந்தது ஜாதிக்காயின் கொட்டையையும் பத்திரியையும்தான். அங்கே அதன் சதையைச் சாறு பிழிந்து பருகுகின்றனர், ஊறுகாயும் இடுகின்றனர்.

பாட்டனாரின் கடிதங்களில் ஜாதிக்காய் விலை தவறாமல் இருக்கும். மரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

"தாதா கடையை விட்டு இவ்வளவு தூரம் வந்திருப்பார்களா?" என்றார் துணைவியார்.

மணி இரண்டாகியிருந்தது. பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தோம்.