தீர்ப்பின் வாள் யார் கையில்?

கடைசிக் காலத்தைப் பற்றிய கிறிஸ்தவத் தீர்க்கதரிசனங்களுள் மிகுதியாகப் படிக்கப்பட்டதும், மிகுதியாகப் பிழைபடப் படிக்கப்பட்டதும் புதிய ஏற்பாட்டின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷமே ஆகும். கத்தோலிக்கர் அதனைத் திருவெளிப்பாடு என்பர். முதல் நூற்றாண்டின் இறுதியில், உரோமைப் பேரரசன் டொமிஷியனின் ஆட்சி முடியும் தறுவாயில், பத்மு தீவிலிருந்த யோவான் என்பவர் அதனை எழுதினார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எபேசு, சிமிர்னா, பெர்கமு தொடங்கி லவோதிக்கேயா ஈறாகச் சின்ன ஆசியாவின் ஏழு ஊர்ச் சபைகளுக்கு அனுப்பப்பட்ட நூல் அது. ஆகையால் அதில் வரும் மிருகங்களும் முத்திரைகளும் எக்காளங்களும் முதலில் அந்த ஏழு சபையாருக்குப் பொருள்பட்டிருக்க வேண்டும். இந்த எளிய உண்மையை, தத்தம் காலத்துப் போர்களையும் அரசர்களையும் அதன் பக்கங்களில் தேடியவர்கள் வசதியாக மறந்துவிட்டனர். பெர்கமுவில் அந்திப்பா என்பவர் விசுவாசத்தின் பொருட்டுக் கொல்லப்பட்டிருந்தார். லவோதிக்கேயாவில் அத்தகைய துன்பம் எதுவும் பேசப்படவில்லை, செல்வச் செருக்கே பேசப்படுகிறது. அடிபட்ட சபையைத் தேற்றிய அதே நூல் சொகுசாயிருந்த சபையைக் கடிந்துகொண்டது. இன்று அதைக் கொண்டு நாள் குறிப்பவர்களுள் பெரும்பாலோர் எந்தச் சபையின் வாரிசுகள் என்பது கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விதான்.

அந்நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. ஏழு முத்திரைகளால் மூடப்பட்ட சுருளைத் திறக்கத் தகுதியுள்ளவர் யார் என்ற கேள்வி எழுகிறது. யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றுவிட்டது என்ற அறிவிப்பு யோவானின் காதில் விழுகிறது. அவர் நிமிர்ந்து பார்க்கையிலோ அங்கே நிற்பது அடிக்கப்பட்ட கோலத்தில் ஓர் ஆட்டுக்குட்டி. சிங்கம் அதன் பிறகு அந்நூலில் அப்பெயரோடு வருவதேயில்லை. பத்தொன்பதாம் அதிகாரத்தில் வெள்ளைக் குதிரைமேல் வருகிறவரின் வாளும் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது. அவருடைய அங்கி போர் தொடங்கும் முன்பே இரத்தம் தோய்ந்திருக்கிறது. தீர்ப்பு உண்டு, அது கடுமையானது, ஆனால் அதை நிறைவேற்றும் பொறுப்பு சபைக்குக் கொடுக்கப்படவில்லை என்பதே இக்காட்சிகளின் உள்ளுறை. சபைக்கு விதிக்கப்பட்டது பொறுமையும் சாட்சியுமே. இந்த ஓர் இடத்தில் தடம் புரண்டவர்கள் எத்தனை பக்தியுடையவராயிருந்தும் எங்கே போய்ச் சேர்ந்தனர் என்பதற்குப் பதினாறாம் நூற்றாண்டின் ஜெர்மானிய நகரான மியூன்ஸ்டரைவிடத் தெளிவான உதாரணம் திருச்சபை வரலாற்றில் அரிது.

அந்நகரின் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசத்தை அறிந்து ஏற்கும் வயதில் பெறுவதே செல்லும் என்று கற்பித்தவர்களை அக்காலத்து மற்றக் கிறிஸ்தவர்கள் மறுஸ்நானக்காரர் என்று இகழ்ச்சியாக அழைத்தனர். கத்தோலிக்க அரசுகளும் புராட்டஸ்டண்ட் அரசுகளும் வேறெதிலும் ஒத்துப்போகாவிடினும் இவர்களை ஒடுக்குவதில் ஒத்துப்போயின. அவர்களுள் மெல்கியோர் ஹாப்மன் என்னும் தோல் வணிகர், ஸ்ட்ராஸ்பூர்க் நகரே புதிய எருசலேமாகும் என்றும் 1533இல் முடிவு வரும் என்றும் பிரசங்கித்தார். அவ்வாண்டு அவர் சிறைபுகுந்தார். விடுதலையோடு மகிமையும் வரும் என நம்பியே உள்ளே சென்றார். ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்குப் பின் சிறையிலேயே இறந்தார். தம்மைச் சார்ந்தவர்கள் வாளெடுக்க வேண்டும் என்று அவர் கற்பிக்கவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் நாளும் இடமும் குறித்துவிட்ட ஒரு நம்பிக்கை, குறித்தவர் கையை விட்டுப் போன பிறகு யார் கைக்கு வேண்டுமானாலும் போகும்.

அது ஹார்லெம் ஊரைச் சேர்ந்த ரொட்டிக்காரர் யான் மத்தைஸ் கைக்குப் போனது. புதிய எருசலேம் ஸ்ட்ராஸ்பூர்க் அன்று, மியூன்ஸ்டரே என்றார் அவர். அங்கே பெர்ன்ஹார்டு ரோட்மன் என்னும் பிரசங்கியார் ஏற்கெனவே மக்களைத் தம் பக்கம் திருப்பியிருந்தார். 1534 பிப்ரவரியில் நகர மன்றம் மறுஸ்நானக்காரர் வசமாயிற்று, மறுஸ்நானம் பெற இசையாதவர்கள் குளிர்காலத்தில் நகரை விட்டு விரட்டப்பட்டனர், சொத்து பொதுவாக்கப்பட்டது, வேதாகமம் ஒழிந்த மற்ற நூல்கள் எரிக்கப்பட்டன. நகரின் அதிபதியான ஆயர் பிரான்ஸ் பான் வால்டெக் படை திரட்டி முற்றுகையிட்டார். அவ்வாண்டு ஈஸ்டர் பண்டிகைக்குள் தீர்ப்பு வரும் என்று அறிவித்திருந்த மத்தைஸ், ஏப்ரல் 5ஆம் நாளான அந்த ஈஸ்டரன்று சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு முற்றுகைப் படையின் நடுவே புறப்பட்டுச் சென்று வெட்டுண்டு இறந்தார். அறிவித்தவர் மாண்டதோடு அறிவிப்பும் மாண்டிருக்க வேண்டும் என்றே இன்று வாசிப்பவர் நினைப்பர். நடந்ததோ வேறு. லைடன் நகரத்துத் தையற்காரரான இளைஞர் யான் வான் லைடன் அவர் இடத்துக்கு வந்தார். பலதார மணத்தைச் சட்டமாக்கினார். செப்டம்பரில் முடியும் சூடிக்கொண்டு, தாவீதின் சிங்காசனத்தில் அமர்ந்த அரசர் என்று தம்மை அறிவித்தார். எதிர்த்துப் பேசியவர்கள் கொல்லப்பட்டனர். உணவு தீர்ந்து மக்கள் பட்டினியால் மடிந்த பின், 1535 ஜூனில் உள்ளிருந்தே சிலர் வழி காட்ட, நகரம் வீழ்ந்தது. 1536 ஜனவரி 22ஆம் நாள் யான் வான் லைடனும் வேறிருவரும் பழுக்கக் காய்ச்சிய இடுக்கிகளால் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களின் உடல்களை வைத்துத் தொங்கவிட்ட மூன்று இரும்புக் கூண்டுகள் புனித லம்பெர்ட் ஆலயக் கோபுரத்தில் இன்றும் காணக்கிடைக்கின்றன. கூண்டில் அடைத்தவர்களும் கிறிஸ்தவர்களே, அவர்களும் கடைசித் தீர்ப்பை நம்பியவர்களே என்பதையும் இங்கே விட்டுவிட முடியாது.

மியூன்ஸ்டரின் வெறியை வெறும் பித்தென்று ஒதுக்கிவிடுவது எளிது. ரோட்மனின் எழுத்து அப்படி ஒதுக்க இடம் கொடுப்பதில்லை. 1534 இறுதியில் அவர் பழிவாங்குதலைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். தேவனுடைய ஜனங்கள் சிலுவை சுமந்து பாடுபடும் காலம் நிறைவேறிவிட்டது, அவர்களே தீர்ப்பை நிறைவேற்றும் காலம் தொடங்கிவிட்டது என்பது அதன் சாரம். மறுஸ்நானக்காரர் அதற்கு முன் பத்தாண்டுகளாகச் சுட்டெரிக்கப்பட்டும் நீரில் அமிழ்த்தப்பட்டும் வந்ததை எண்ணிப் பார்த்தால், அந்தக் கணக்கு எத்தனை ஆறுதலாக ஒலித்திருக்கும் என்பது விளங்கும். காலம் மாறிவிட்டது என்று ஒருவர் நம்பிவிட்டால், பகைவரை நேசிக்கும் கட்டளை பழைய காலத்துக்குரியதாகிவிடுகிறது. முடிவு நெருங்கிவிட்டது என்னும் போதனையின் உண்மையான அபாயம் தேதி தவறுவதில் இல்லை, இதில் இருக்கிறது.

இதே ஆண்டுகளில் பிரிஸ்லாந்தின் விட்மார்சும் ஊரில் மென்னோ சீமன்ஸ் என்னும் கத்தோலிக்கக் குரு இருந்தார். சீர்திருத்தக் கருத்துகள் மனத்தில் இருந்தும் பதவியை விடாமல் வசதியாக வாழ்ந்தவர் அவர் என்பதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1535 வசந்தத்தில் ஏறத்தாழ முந்நூறு மறுஸ்நானக்காரர் அருகிலிருந்த ஒரு மடத்தைக் கைப்பற்றி, சில நாள்களில் அரசுப் படையிடம் தோற்று, பலர் மாண்டனர். வழி தவறிய அம்மக்களின் இரத்தம் தம்மீது சுமத்தப்பட்டதாக மென்னோ உணர்ந்தார். அவர்கள் தவறானதற்காகவேனும் உயிரைக் கொடுத்திருக்க, தாம் சரியென்று அறிந்ததற்காக ஒரு சுகத்தையும் விடவில்லையே என்பது அவர் வேதனை. யான் வான் லைடனைக் கண்டித்து அவ்வாண்டில் அவர் எழுதியதாகக் கருதப்படும் நூல் 1627இல்தான் அச்சேறியது. மியூன்ஸ்டர் தலைவர்கள் கொல்லப்பட்ட அதே ஜனவரியில் அவர் குருத்துவத்தைத் துறந்து, சிதறிக் கிடந்த மறுஸ்நானக்காரரைத் திரட்டும் தலைமறைவு வாழ்வில் இறங்கினார். 1542இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் ஆணைப்படி அவர் தலைக்கு நூறு கில்டர் விலை வைக்கப்பட்டது. இப்படியிருந்தும் 1561இல் அவர் இயற்கை மரணமே எய்தினார். கிறிஸ்து வருவார், தீர்ப்பு நடக்கும் என்பதில் அவருக்கும் ரோட்மனுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. வாள் தங்கள் கையில் இல்லை என்பதே வேறுபாடு.

அந்த வேறுபாடு நடைமுறையில் என்ன பொருள்பட்டது என்பதற்கு 1569இல் நெதர்லாந்தின் அஸ்பெரன் ஊரில் நடந்தது சான்று. மறுஸ்நானம் பெற்றதற்காகவும் தம் வீட்டில் பிறருக்கு அதனைக் கொடுக்க இடமளித்ததற்காகவும் சிறைப்பட்ட டிர்க் வில்லெம்ஸ் தப்பி ஓடினார். குளிர்காலம், வழியில் உறைந்த நீர்நிலை. சிறைச்சாப்பாட்டில் மெலிந்திருந்த அவர் மெல்லிய பனிக்கட்டியைக் கடந்துவிட்டார். துரத்தி வந்த காவலன் பனி உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிக் கரைசேர்த்தார். காவலன் அவரை விட்டுவிட நினைத்தபோதிலும், கரையில் நின்ற ஊர்த்தலைவர் அவனுடைய சத்தியப் பிரமாணத்தை நினைவூட்டிப் பிடிக்கச் சொன்னார். மே 16ஆம் நாள் டிர்க் எரிக்கப்பட்டார். பலத்த கீழ்க்காற்று தீயை ஒருபுறமாகத் தள்ளியதால் உயிர் போக நெடுநேரமாயிற்று. 1660இல் தீலேமன் வான் பிராக்ட் தொகுத்த இரத்தசாட்சிகள் நூலில் இது பதிவாகியுள்ளது. 1685ஆம் ஆண்டுப் பதிப்பில் யான் லைக்கன் செதுக்கிய சித்திரம் டிர்க் இரு கைகளையும் நீட்டிக் குனியும் கணத்தைக் காட்டுகிறது. இந்த மனிதர் கடைசிக் காலத்தைப் பற்றி என்ன கருத்துக் கொண்டிருந்தார் என்று அந்நூல் ஆராயவில்லை. ஆராயத் தேவையும் எழவில்லை.

மென்னோவின் வழியினர் வாளைத் துறந்தனரே ஒழிய, நாள் குறிக்கும் ஆசையைத் துறந்துவிட்டனர் என்று சொல்வதற்கில்லை. ரஷ்யாவில் குடியேறியிருந்த மென்னோனைட்டுகளுக்கு அளிக்கப்பட்டிருந்த படைச்சேவை விலக்கை 1874ஆம் ஆண்டுச் சட்டம் குறைத்தபோது பல்லாயிரவர் அமெரிக்கா சென்றனர். வோல்காக் கரையிலிருந்த கிளாஸ் எப் என்பவரோ, உபத்திரவ காலத்தில், அதாவது கிறிஸ்துவின் வருகைக்கு முன் வரும் எனக் கருதப்படும் துன்ப காலத்தில், சபைக்கு அடைக்கலம் கிழக்கில்தான் என்று நம்பினார். அந்நம்பிக்கையில் யுங்-ஸ்டில்லிங் எழுதிய ஒரு நாவலுக்கும் பங்கு உண்டு. 1880 முதல் அவரைப் பின்பற்றிய குடும்பங்கள் வண்டிகளில் மத்திய ஆசியாவுக்குப் புறப்பட்டு, வழியில் குழந்தைகள் பலரைப் புதைத்துவிட்டு, கீவா நாட்டை ஆண்ட கானின் அனுமதியோடு அக்-மெச்செத் என்னும் இடத்தில் குடியமர்ந்தன. கிறிஸ்து 1889 மார்ச் 8ஆம் நாள் வருவார் என்று எப் கூறினார். வராதபோது 1891 என்று திருத்தினார். பிற்காலத்தில் தமக்கே தெய்வத் தன்மையுண்டு என்னும் அளவுக்குப் போனார். பெரும்பாலோர் அவரை விட்டு விலகினர்.

தேதி பொய்த்த பிறகு அந்த ஊர் கலைந்துபோகாமல் பிழைத்ததுதான் இவ்வரலாற்றில் குறைவாகப் பேசப்படும் பகுதி. அவர்கள் தச்சுவேலை செய்தனர், கான் அரண்மனையில் தளம் பாவினர், அண்டையிலிருந்த முஸ்லிம் ஊர்களோடு வாணிபம் நடத்தினர். அவர்களுள் ஒருவரான வில்ஹெல்ம் பென்னர், பின்னாளில் உஸ்பெக் புகைப்படக் கலையின் முன்னோடியெனப் போற்றப்பட்ட குதைபெர்கன் தெவானோவுக்குக் கேமராவைக் கையாளக் கற்றுக்கொடுத்தார். ஞாயிறுதோறும் ஆராதனை நடந்தது. எப் 1913இல் இறந்தார். 1935இல், கூட்டுப்பண்ணையில் சேர மறுத்ததற்காக, சோவியத் அதிகாரிகள் அக்-மெச்செத்தின் குடும்பங்களை ஊரோடு பெயர்த்துத் தஜிகிஸ்தானுக்கு அனுப்பினர். எப் போட்ட கணக்குகள் எதிலும் அந்த ஆண்டு இடம்பெற்றிருக்கவில்லை.