டபராவும் சிறுபறையும்

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையின்போது, நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், 72-ஆம் வயதில் நான் தரையில் அமர்ந்து விளையாடக் கற்றுக்கொண்டேன். கற்பித்த ஆசிரியைக்கு வயது ஒன்றேகால். என் பேத்தி.

மருமகள் மீண்டும் பணிக்குச் செல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த அம்மாள் தன் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போய்விட்டார். என் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. கட்டிலை விட்டு இறங்க முடியாது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னவன் நான்தான். மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையும் ஐயமும் சரிபாதியாக இருந்தன.

ஐயத்துக்குக் காரணம் உண்டு. 34 ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றியவன் நான். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும், காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று தொடங்கிச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் வரை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆண்டுதோறும் அதைத் தேர்வில் கேட்டு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு குழந்தை கைகொட்டிச் சப்பாணி ஆடுவதை, அருகில் அமர்ந்து முழுதாகக் கால்மணி நேரம் நான் பார்த்ததில்லை. என் மகன் வளர்ந்தபோது அந்த வேலை முழுவதும் அவன் தாயினுடையது. எனக்கு விடைத்தாள்கள் இருந்தன. மாலையில் கோயிலும் இருந்தது.

முதல் மூன்று நாள்களை வெட்கத்துடன்தான் சொல்ல வேண்டும். குழந்தை அழுதாள்; கைப்பேசியில் ஏதோ ஒரு பாட்டுப் படத்தைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். வீடு அமைதியாயிற்று. நானும் நிம்மதியாக விஷ்ணு சகஸ்ரநாமத்தை முடித்தேன். மூன்றாம் நாள் மாலை கைப்பேசியைத் திரும்ப வாங்கியபோது அவள் தரையில் விழுந்து புரண்ட புரளலைக் கண்டு நான் பயந்துபோனேன். மருமகள் கோபிக்கவில்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம், ஓராண்டுக்குள் அறவே கூடாது என்று 2019-இல் உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது என்பதை மெல்ல எடுத்துச் சொன்னாள். பிறகு, "அடுத்த தெருவில ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்காம் மாமா. போய் விசாரிச்சுட்டு வரட்டுமா? உங்களுக்கும் சிரமம்" என்றாள்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பேத்தி பகலெல்லாம் வீட்டில் இல்லாமற் போய்விடுவாள் என்ற எண்ணம் இப்படி நெஞ்சை அடைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. காலையில், "பத்து நாள் பொறு அம்மா" என்று கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பத்து நாள்களின் முதல் நாளே ஒரு பெரும் பிழை செய்தேன். நம் மரபு விளையாட்டாக இருக்கட்டும் என்று பரணில் கிடந்த பல்லாங்குழியை இறக்கித் துடைத்துச் சோழிகளுடன் அவள் முன் வைத்தேன். குழிதோறும் சோழியைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்து கண்மூடி நாமங்களைச் சொல்லத் தொடங்கினேன். சோழிச் சத்தம் நின்றுபோனதைச் சற்றுத் தாமதித்தே உணர்ந்தேன். கண் திறந்தால், குழந்தையின் வாய் திறந்திருக்கிறது; அழுகை வரவில்லை; இருமலும் வரவில்லை. முகம் சிவந்துகொண்டே போகிறது.

கட்டிலிலிருந்து என் மனைவி கத்தினாள்: "வாய்க்குள்ள விரலை விட்டுத் துழாவாதீங்க! குப்புறப் போட்டு முதுகில தட்டுங்க!" மடியின் குறுக்கே தலை தாழும்படி கிடத்தி, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தட்டினேன். நான்காம் தட்டில் சோழி தரையில் விழுந்தது. பிறகு வந்த அழுகையைப் போல் இனிய ஒலியை நான் எந்தச் சந்நிதியிலும் கேட்டதில்லை.

மாலையில் குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் சொன்னவற்றை இங்கே எழுதக் காரணம், நம்மைப் போன்ற முதியோர் உள்ள வீடுகளில்தான் அபாயங்கள் அதிகம் என்று அவர் வற்புறுத்தியதே. குழந்தை பலமாக இருமினால் இருமவிட வேண்டும். இருமவும் அழவும் முடியாவிட்டால் உடனே முதுகில் ஐந்து முறை தட்டவேண்டும். ஒருவர் தட்டும்போதே மற்றவர் 108-க்குச் சொல்லவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் தேடினால் அது இன்னும் உள்ளேதான் போகும். வாய்க்குள் நுழையக்கூடிய சோழி, புளியங்கொட்டை, குன்றிமணி, நிலக்கடலை எதுவும் மூன்று வயது வரை கைக்கு எட்டக்கூடாது. காதுக்கருவியின் பொத்தான் போன்ற மின்கலம், நம் மாத்திரைப் பெட்டி இவையும் அப்படியே. அவர் சொன்ன இன்னொன்று என்னைத் திடுக்கிட வைத்தது. பூஜை அறைக் கற்பூரம். இனிப்புக் கட்டிபோல் தோன்றும் அதைச் சிறு குழந்தை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும். எங்கள் வீட்டில் அது கீழ்த்தட்டில், மூடியில்லாத கிண்ணத்தில் இருந்தது. இப்போது கற்பூரம், தீப்பெட்டி, பாச்சை உருண்டை எல்லாம் மேல் அலமாரியில், பூட்டுக்குள். பல்லாங்குழி மறுபடி பரண் ஏறிவிட்டது.

மருமகளிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். காப்பகத்தைப் பற்றி அன்றே பேசியிருக்கலாம், பேசவில்லை. அந்த மௌனத்துக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் என் மனைவி கட்டிலில் இருந்தபடியே அதிகாரத்தை ஏற்றாள். "விளையாட்டுச் சாமான் எதுக்கு? சமையல் மேடைக்குக் கீழ்க்கதவைத் திறந்து விடுங்க. கண்ணாடியும் கத்தியும் மட்டும் மேல போகட்டும். அப்புறம், நாற்காலி வேண்டாம். கீழ உட்காருங்க. கண்ணை மூடாதீங்க."

கதவைத் திறந்துவிட்டேன். பேத்தி முதலில் எடுத்தது ஒரு டபராவும் டம்ளரும். டம்ளரை டபராவுக்குள் வைத்தாள். எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். பத்து முறையோடு நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நாற்பதுக்கு மேல் எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு முறை உள்ளே அமரும்போதும் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு "ஆகா!" என்று சொல்ல ஆள் இருந்தால் போதும். அதுதான் என் வேலை என்று எனக்குப் புரிய அரைநாள் ஆயிற்று.

1939-இல் நம் அடையாற்றுக்கு வந்து தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். ஊற்றுதல், அள்ளுதல், துடைத்தல் போன்ற வீட்டு வேலைகளையே குழந்தைக்குரிய கல்வியாக வகுத்தவர் அவர். ஆசிரியப் பயிற்சியில் இதை நான் குறிப்பெடுத்துப் படித்தவன்தான். அம்மையாரைவிட முன்னால் நினைவுக்கு வந்திருக்க வேண்டியவர் பெரியாழ்வார். அவர் யசோதையாகி நின்று பாடிய கண்ணனுக்கு யார் பொம்மை வாங்கித் தந்தார்கள்? உறி, தயிர்த்தாழி, மத்து, உரல் எல்லாம் ஆயர் மனையின் அன்றாடச் சாமான்களே. உரலோடு கட்டிப்போட்டால் அந்த உரலையே இழுத்துக்கொண்டு மருதமரங்களுக்கிடையே சிறுதேர் உருட்டினான் பிள்ளை.

அதன்பின் எங்கள் பகல்கள் ஒருவாறு ஒழுங்குக்கு வந்தன. காலையில், அவள் புத்துணர்வோடு இருக்கும் வேளையில், சத்தமான விளையாட்டு. இட்லித் தட்டைக் கவிழ்த்து மரக்கரண்டியால் அடித்தால் ஒரு நாதம். பித்தளைச் சொம்பில் அடித்தால் வேறு. பிளாஸ்டிக் டப்பாவில் அடித்தால் செத்த ஒலி. மூன்றையும் மாற்றி மாற்றி அடித்து, செத்த ஒலிக்கு முகம் சுளிப்பாள். சிறுபறைப் பருவத்துக்கு நான் வகுப்பில் எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கிறேன். குழந்தை ஒலியைத் தேர்ந்தெடுக்கும் என்று சொன்னதில்லை. கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை மேலே வந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். காலை ஒன்பதுக்கு முன் பறை கூடாது என்று நாங்களாகவே விதி செய்துகொண்டோம்.

பிறகு ஓர் அகலத் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை தண்ணீரும் இரண்டு கிண்ணங்களும். ஊற்றுவாள், கொட்டுவாள், தன் வயிற்றுக்கு அபிஷேகம் செய்துகொள்வாள். இதில் மட்டும் நான் கண்ணிமைப்பதில்லை. சிறிதளவு நீரிலும் குழந்தைக்கு ஆபத்து நேரும். ஆட்டம் முடிந்த அக்கணமே தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வாளியும் அண்டாவும் எங்கள் வீட்டில் இப்போது கவிழ்ந்தே இருக்கின்றன. சப்பாத்தி மாவில் ஓர் எலுமிச்சை அளவு கொடுத்தால் பிசைவாள், தட்டுவாள், கொஞ்சம் தின்பாள். முறத்தில் தலையணை உறையை விரித்து அதில் உருளைக்கிழங்குகளை உருட்டுவது ஒரு நாள் மட்டும் பிடித்தது, மறுநாள் சீந்தவில்லை. நானாக யோசித்துச் செய்தவற்றில் பாதிக்கும் மேல் இப்படித்தான் தோற்றன.

உணவுக்குப் பின், மடியில் படுத்தபடி என் மனைவியுடன் ஆடும் ஆட்டம். உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, ஐந்து விரல்களுக்கும் பெயர் சொல்லிப் பங்கிட்டு, நண்டு ஊர்வதுபோல் அக்குள் வரை ஏறிக் கிச்சுக்கிச்சு மூட்டுவது. கட்டிலை விட்டு இறங்க முடியாதவருக்கும் உரிய ஆட்டம் அது. நண்டு புறப்படும் முன்பே குழந்தை சிரிக்கத் தொடங்கிவிடுவாள். வரப்போவது தெரிந்துவிட்ட சிரிப்பு.

பாட்டியல் நூலாரின் ஒரு கணக்கின்படி பதினைந்தாம் திங்கள் அம்புலிக்கு உரியது. அம்புலியை அழைக்க வேண்டிய பருவத்தில் வானம் மூடிக்கிடந்தது. மின்சாரம் நின்ற ஒரு மாலை, எவர்சில்வர் தட்டின்மேல் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். எதிர்ச்சுவரில் வட்டமாக ஒளி விழுந்தது. தட்டை அசைத்தால் நிலா ஓடிற்று. தளர்நடையில் அதைத் துரத்திப் போய்ச் சுவரில் கைகளை ஊன்றி, பிடித்துவிட்டதாக எண்ணித் திரும்பிப் பார்த்தாள். நிலா அவள் கைமேல் இருந்தது.

சகஸ்ரநாமம் என்னவாயிற்று என்று அன்பர்கள் கேட்கலாம். அதை விடவில்லை, கண்ணைத் திறந்துகொண்டு, குரல்விட்டுச் சொல்கிறேன். பழைய பூஜை மணி ஒன்றின் நாக்கு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து அவளிடம் கொடுத்திருக்கிறேன். முன்பு பூஜை அறை வாசலில் குழந்தைகள் நின்றாலே அதட்டியவன் நான். இடையிடையே மணி அடிக்கிறது. சில நாமங்கள் இரண்டு முறை வந்துவிடுகின்றன.

பத்து நாள்கள் முடிந்ததையே நான் மறந்துவிட்டேன். மருமகளும் நினைவூட்டவில்லை. அதற்குப் பின் வந்த ஒரு நாள்தான் இதை எழுதத் தூண்டியது.

கிண்ணங்களைப் பெரியதிலிருந்து சிறியதாகக் கவிழ்த்து அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தேன். ஏழு நிலை. உச்சியில் டம்ளரைக் கலசமாக வைக்கப் போனேன். பேத்தி ஒரே தட்டில் சரித்துவிட்டுக் கைகொட்டினாள். சட்டென்று எனக்குக் கோபம் வந்தது. வாத்தியார்க் கோபம். குரல் உயர்ந்தும் விட்டது. அவள் உதடு பிதுங்கியது.

தங்கள் சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று ஆயர் சிறுமியர் கண்ணனை வேண்டுவதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பாடியிருக்கிறாள். குழந்தை பெரியவனின் வீட்டைச் சிதைத்தால் அது லீலை. பெரியவன் குழந்தையின் வீட்டைச் சிதைத்தால்? என் மகனுக்கு ஐந்து வயதிருக்கும். தீப்பெட்டிகளை நூலில் கோத்து, கூடம் முழுவதும் வளைத்து ஒரு ரயில் விட்டிருந்தான். பள்ளி ஆய்வுக்கு மறுநாள் அதிகாரி வருகிறார் என்ற பதற்றத்தில் வீட்டுக்குள் நுழைந்தவன், கால் இடறியதும் அதை அப்படியே வாரி வெந்நீர் அடுப்பில் போட்டேன். அவன் அழவில்லை. அதன்பின் நான் வீட்டில் இருக்கும்போது அவன் கூடத்தில் விளையாடியதாக எனக்கு நினைவில்லை.

அன்று மாலை மகன் மழையில் நனைந்து வந்தான். புதிய மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் பேத்தி உட்கார்ந்திருக்க, என் பழைய அங்கவஸ்திரத்தை அதில் கட்டிக் கூடம் முழுதும் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். தலையைத் துவட்டியபடியே அவன் சற்று நேரம் நின்றான்.

"வீட்டில தீப்பெட்டி இருக்காப்பா?" என்று கேட்டான். அவன் மறக்கவில்லை.

"குழந்தைக்கு எட்டும்னு மேல வைச்சுப் பூட்டியிருக்கு" என்றேன். பிறகு சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. "அந்த ரயிலை நான்..." என்று தொடங்கி நின்றுவிட்டேன்.

அவன் பதில் சொல்லாமல் உள்ளே போனான். மாற்றுடை உடுத்தி, இன்னும் இரண்டு அட்டைப்பெட்டிகளைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வந்து என்னெதிரே தரையில் அமர்ந்தான். "பெட்டி சேர்க்கணும்னா ஓரத்தில ஓட்டை போடணும்ப்பா. கோணி ஊசி எங்க இருக்கு?"

ஊசியை நான் எடுத்து வந்தேன். கயிற்றை அவன் கோத்தான். முதற்பெட்டியில் உட்கார்ந்திருந்த ஆசிரியை ரயில் புறப்படத் தாமதமாவதைப் பொறுக்காமல் டபராவைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள்.