கீறல் விழுந்த தட்டு

கீரைக் கட்டு வாங்க வர்றவங்க கத்திரிக்காய் இருக்கான்னு கேப்பாங்க, நாட்டுக்கோழி முட்டை இருக்கான்னு கேப்பாங்க. இந்தத் தை மாசத்துலேர்ந்து புதுசா ஒரு கேள்வி. "அண்ணே, உங்க ஊர்ப் பக்கம் யார் வீட்டுலயாவது பழைய ரெக்கார்டு கிடக்குமா?" கேட்டது ஒருத்தர் இல்ல, மூணு பேர். பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கத்து அடுக்குமாடியில இருக்கிற பிள்ளைங்க. கம்ப்யூட்டர் வேலை, கழுத்துல ஹெட்போன். கேக்குறது மட்டும் எங்க பெரியப்பா காலத்துத் தட்டு.

விசாரிச்சுப் பார்த்தா இது உலகம் முழுக்க நடக்குற கூத்தா இருக்கு. அமெரிக்காவுல 2022ல சுமார் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டு வித்திருக்கு, சிடி 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில தட்டு சிடியை முந்துனது 1987க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. இங்க மும்பைல 2024ல மறுபடியும் தட்டு அச்சடிக்க ஆரம்பிச்சிருக்காங்க. போனை எடுத்தா உலகத்துல இருக்கிற எல்லாப் பாட்டும் கிடைக்கிற காலத்துல, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் ஓடி, எழுந்து போய்த் திருப்பிப் போடவேண்டிய சாமானை ஆயிரக்கணக்குல காசு கொடுத்து வாங்குறாங்க. ஏன்னு அந்தப் பிள்ளைங்ககிட்டயே கேட்டேன். "தட்டுல கேட்டாத்தான் நிதானமா உக்காந்து கேக்குறோம் அண்ணே, போன்ல பாதியிலயே அடுத்ததுக்குத் தாவிடுறோம்"னு ஒருத்தர் சொன்னார். நியாயமான பதில்தான். ஆனா தனியா ஒரு அறையில, சத்தம் குறைச்சு வெச்சு, நாற்காலியில சாஞ்சு கேக்குறதுன்னு அவர் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நாங்க கேட்ட ரெக்கார்டு அப்படி இல்லைங்க. எங்க ஊர்ல ரெக்கார்டுன்னா காது கிழியும்.

தாம்பரத்துலேர்ந்து மேற்கால, அடையாத்தை ஒட்டின ஊர் எங்களுது. அந்த நாள்ல எங்க ஊர்ல எந்த வீட்டுலயும் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. எங்க பெரியப்பாகிட்ட மட்டும்தான் இருந்துச்சு, அதுவும் வீட்டுல வெச்சுக் கேக்க இல்ல. அவர் மைக் செட் வெச்சிருந்தார். ஒரு ஆம்ப்ளிஃபயர், ரெண்டு புனல் ஸ்பீக்கர், ஒரு பிளேயர், தகரப் பெட்டியில தட்டுங்க. கரன்ட் இல்லாத இடத்துக்கு கார் பேட்டரி. எல்லாத்தையும் மாட்டுவண்டியில ஏத்திக்கிட்டுப் போய், புளியமரத்து மேல புனலைக் கட்டிவிட்டார்னா மணிமங்கலம் ஏரிக்கரையில மாடு மேய்க்கிறவனுக்கும் பாட்டு கேக்கும். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசக் கூழ் ஊத்துறது, எலெக்‌ஷன் கூட்டம், சாவு எல்லாத்துக்கும் ஒரே பெட்டி.

தட்டு போடுறதுக்கு ஒரு முறை இருந்துச்சு. முதல்ல பிள்ளையார் பாட்டு. அம்மன் கோயில்னா உடனே எல்.ஆர்.ஈஸ்வரி. கல்யாண வீட்டுல முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம், பந்தி போடும்போது சினிமாப் பாட்டு, ராத்திரி ஆட்கள் ஓஞ்சதும் வசனத் தட்டு. திருவிளையாடலும் கட்டபொம்மனும் படமாப் பார்க்காதவங்களுக்குக்கூட வசனம் மனப்பாடமா இருந்தது அதனாலதான். சாவு வீட்டுக்குன்னு தனியா தத்துவப் பாட்டுத் தட்டுங்க நாலஞ்சு இருக்கும். நடவுல குனிஞ்சிருக்கும்போது காத்துல அந்தப் பாட்டு வந்தா பொம்பளைங்க நிமிர்ந்து திசையைப் பார்ப்பாங்க. "மேலாண்டத் தெரு பக்கம் போல, அந்தக் கெழவிதான்"னு ஒருத்தர் சொல்வாங்க. பாட்டுதான் எங்களுக்குத் தந்தி. எந்தப் பாட்டைக் கேக்கணும்னு நாங்க யாரும் முடிவு பண்ணதில்ல. பிடிக்கலைன்னா மாத்தவும் முடியாது. பிடிக்கிற வரைக்கும் கேட்டோம்.

இடையில ஒண்ணு சொல்லிடுறேன், விவசாயிங்கிறதால இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். வினைலுக்கு முன்னால இருந்த கனமான 78 சுத்துத் தட்டு இருக்கே, அது அரக்கு. புரசு, பூவம், இலந்தை மரத்துக் கொப்புல அரக்குப் பூச்சி விடுற பிசின். அதோட கல்லுப் பொடியெல்லாம் கலந்து சூட்டுல அழுத்தி எடுத்தது. புரசைவாக்கம்னு நீங்க சொல்றீங்களே, அந்தப் புரசுதான். உலகத்துக்கே அரக்கு அனுப்புனது பெரும்பாலும் நம்ம நாடு. சோட்டா நாக்பூர் காட்டு ஜனங்க கொப்பை வெட்டிச் சுரண்டி எடுத்தது கப்பலேறி நியூயார்க்குல பாட்டாச்சு. ரெண்டாம் உலகப்போர்ல கப்பல் வரத்து ஆபத்தாயிடுச்சு, ராணுவத்துக்கும் அரக்கு தேவைப்பட்டுச்சு. 1942ல அமெரிக்க அரசு ரெக்கார்டு கம்பெனிகளோட அரக்கு ஒதுக்கீட்டுல பெரும்பகுதியை வெட்டிடுச்சு. வேற பொருள் தேட வேண்டிய கட்டாயம். ராணுவ வீரர்களுக்கு அனுப்புன தட்டுகளை வினைல்ல செஞ்சு பார்த்தாங்க, 1948ல கொலம்பியா கம்பெனி வினைல்ல நீளமா ஓடுற எல்.பி. தட்டைக் கொண்டுவந்துச்சு, அடுத்த வருஷம் ஆர்.சி.ஏ. 45 சுத்துத் தட்டு. அதுவரைக்கும் பாட்டும் விளைச்சல்தான், மரத்துல விளைஞ்சது.

பெரியப்பாகிட்ட 78 கொஞ்சம்தான். மத்ததெல்லாம் சின்ன 45, ஒரு பக்கத்துக்கு ரெண்டு பாட்டு. புதுசு வாங்கக் காசு இருக்கிறப்ப புதுசு, இல்லாதப்ப மூர் மார்க்கெட். தாம்பரத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா எதிர்ல. பழைய தட்டைக் கொடுத்து வேற தட்டு எடுத்துட்டு வருவார். 1985 மே மாசம் மூர் மார்க்கெட் எரிஞ்சப்ப, சொந்த வைக்கோல்போர் எரிஞ்ச மாதிரி ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தாராம். அதுக்குள்ள கேசட் வந்துடுச்சு. தாம்பரத்துல தெருவுக்குத் தெரு பாட்டுப் பதிவுக் கடை. வேணுங்கிற பாட்டைத் துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தா ரெண்டு நாள்ல கேசட் ரெடி. விதி பட வசனம் ஊரெல்லாம் ஓடுனது கேசட்டுலதான். பெரியப்பாவும் கேசட்டுக்கு மாறினார், அப்புறம் சிடி, கடைசியில பென்டிரைவ். ரெக்கார்டுப் பெட்டி ரெண்டும் கட்டிலுக்கு அடியில போயிடுச்சு.

2015 டிசம்பர்ல அடையாறு வீட்டுக்குள்ள வந்துச்சு. முடிச்சூர், வரதராஜபுரம் படத்தையெல்லாம் நீங்க டிவியில பார்த்திருப்பீங்க, படகு விட்டாங்களே. எங்க பெரியப்பா வீட்டுல இடுப்பளவு. தண்ணி வடிஞ்சதும் பார்த்தா ஆம்ப்ளிஃபயர் போச்சு, டிவி போச்சு, விதை நெல் முளைச்சு நாறுது. கேசட்டு எல்லாத்துலயும் சேறு ஏறி, நாடா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ரெக்கார்டுக் காகித உறையெல்லாம் கூழ். ஆனா உள்ள இருந்த தட்டு?

பெரியப்பா திண்ணையில உக்காந்து ஒவ்வொண்ணாக் கழுவினார். ஆறின வெந்நீர், ரெண்டு சொட்டு சோப்பு, பழைய வேட்டித் துணி. பள்ளம் போற வழியிலயே சுத்தித் துடைக்கணும், குறுக்கால தேய்க்கக் கூடாது. நடுவுல இருக்கிற லேபிள்ல தண்ணி படாம உள்ளங்கையால மூடிக்கணும். பக்கத்து வீட்டுப் பையன் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துட்டு வந்தப்ப வேண்டாம்னு விரட்டினார். அரக்குத் தட்டுல ஸ்பிரிட் பட்டா கரைஞ்சிடும். வெயில்ல வெச்சா வினைல் அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும், அதனால விதைக்குச் செய்யுற மாதிரி நிழல்ல உலர்த்தினார். கொடியில துணி காய, திண்ணையில தட்டு காய, நாலு நாள். முன்னூத்திச் சொச்சத்துல உடைஞ்சது ஒம்பதுதான்.

இப்ப அண்ணன் வீட்டை இடிச்சு மாடி வெச்சுக் கட்டுறார். பெட்டியை எங்க வைக்கிறதுன்னு பேச்சு வந்துச்சு. அண்ணிக்கு அது ஒரு அடைசல். அண்ணனுக்குச் சிமென்ட் மூட்டைக்குக் காசு வேணும். பெரியப்பாவுக்கு எழுபத்தாறு வயசு, புனலுக்குக் கீழயே வாழ்நாள் போனதுல வலது காது சுத்தமாக் கேக்காது, இடது காது அரைகுறை. "அவருக்கே கேக்கல, வெச்சு என்ன பண்றது"ன்னு அண்ணன் சொன்னது கோவத்துல இல்ல, கணக்குல சொன்னது. அதனால கீரை வாங்க வர்ற தம்பியை ஒரு ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போனேன்.

தம்பி நல்ல பையன். விலையை ஏமாத்தல, ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்து நியாயமான தொகை சொன்னார். ஆனா எடுத்தது எதுன்னு பார்த்தா எனக்கு ஆச்சரியம். எங்க ஊரே உயிரை விட்ட பாட்டு எதையும் எடுக்கல. எல்லாம் பேர் தெரியாத படம், ஓடாத படம். ஏன்னு கேட்டேன். "இதெல்லாம் கீறலே இல்லாம இருக்குண்ணே, மத்தது ரொம்பத் தேஞ்சிருக்கு."

பெரியப்பாவுக்கு நான் இடது காதுல சத்தமாச் சொன்னேன். அவர் சிரிச்சார். "கீறல் இல்லாத தட்டுன்னா யாரும் கேக்காத தட்டு. கூட்டிட்டுப் போகட்டும்."

நாப்பத்தாறு தட்டு போச்சு. காசு அண்ணன்கிட்ட போச்சு, சிமென்ட் வந்துச்சு. மீதி இருநூத்திச் சொச்சம் தட்டை பழைய பேப்பர்காரர் எடை போடக்கூட ஒத்துக்கல. சந்தையில விலை போற தட்டு, எங்க ஊரு கேட்காத தட்டு. ஊரு கேட்டுக் கேட்டுத் தேஞ்சதுக்குச் சந்தையில விலை இல்ல. இதுல தம்பி மேல எனக்குக் குறை ஒண்ணும் கிடையாது. அவர் பாட்டுக் கேக்க வாங்குறார், தேஞ்ச தட்டுல இரைச்சல்தான் வரும், என்ன பண்ணுவார்.

ரெண்டு பெட்டியையும் என் பம்ப்செட் ரூமுக்குக் கொண்டுவந்து, தரையிலேர்ந்து மூணு அடி உயரத்துல பலகை அடிச்சு வெச்சேன். ஆறு மறுபடி வந்தா வரட்டும்.

வயல்ல இப்ப பாட்டுக்குக் குறைச்சல் இல்ல. களை எடுக்க வர்றவங்க வரப்புல சின்னதா ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை வெச்சுடுறாங்க. அவங்களுக்குள்ள பாதி சண்டை அதுலதான். பத்து வினாடி ஒரு பாட்டு, பிடிக்கலைன்னா அடுத்தது. வயசானவங்களுக்குன்னு 2017ல சரிகம கம்பெனி கேரவான்னு ஐயாயிரம் பாட்டை உள்ளயே அடைச்சு ஒரு பெட்டி விட்டாங்களே, அது எங்க தெருவுலயே நாலு வீட்டுல இருக்கு, எல்லாம் பட்டணத்துப் பிள்ளைங்க அம்மா அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தது. எதையும் தேட வேண்டாம், அது பாட்டுக்குப் பாடும். ரேடியோவை அப்படியே திருப்பிக் கொடுத்த மாதிரி. இலங்கை வானொலியில அப்துல் ஹமீதும் கே.எஸ்.ராஜாவும் பேசுனதைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு நடுவுல பேச ஆள் இல்லாததுதான் குறை.

பெரியப்பாவோட பிளேயர் ஓடல. உள்ள தட்டைச் சுத்துற ரப்பர் சக்கரம் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. தம்பிதான் எங்கயோ சொல்லி வெச்சு வாங்கிட்டு வந்தார், புது முள்ளும் சேர்த்து. போன வாரம் பம்ப்செட் ரூம்லயே மாட்டினோம். பெரியப்பா பெட்டிக்குள்ள கையை விட்டு ஒரு 45ஐ எடுத்தார். லேபிள் வெள்ளத்துல போயிடுச்சு, எந்தப் படம்னு எனக்குத் தெரியல. அவர் வெளிச்சத்துல ஒரு தடவை சாய்ச்சுப் பார்த்துட்டுப் போட்டார். பாட்டு ஆரம்பிச்சதும் தம்பி கண்ணை மூடிக்கிட்டார். பெரியப்பா தட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். ரெண்டாவது சரணம் வர்றப்ப விரலை நீட்டி, முள்ளுக்கையை லேசா ஒரு தட்டு தட்டினார். அந்த இடத்துலதான் கீறல். முள்ளு மாட்டிக்காம அதைத் தாண்டிப் போச்சு.