டோடோவின் தலையும் ஒரு டப்பா பசையும்

செத்துப்போன பறவையைப் பாடம் செய்வதில் எது கஷ்டம் என்று கேட்டால், தோலை உரிப்பதுதான் என்று பலரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய தலைவலி வேறு இருக்கிறது. எதை வைத்து நிரப்புவது? எதை வைத்து ஒட்டுவது? கேட்க அற்ப விஷயம்தான். ஆனால் தப்பான பதிலைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பறவை இரண்டாவது முறையும் சாகும்.

சாட்சி வேண்டுமானால் டோடோவைப் பாருங்கள். மொரீஷியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்து, 17ஆம் நூற்றாண்டில் அடியோடு அழிந்த பறவை. அதில் ஒன்றின் உடல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அது நாளடைவில் சிதைந்துகொண்டே போய், 1755 வாக்கில் தலையும் ஒரு காலும் மட்டும் மிஞ்சின. அந்த மிச்சத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவை வைத்துத்தான், டோடோவுக்கு மிக நெருங்கிய உறவு நம் நிக்கோபார் தீவுகளிலும் வாழும் நிக்கோபார் புறா என்று 2002இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு தலையும் காலுமே இவ்வளவு சொல்லுமென்றால், முழு உடல் எவ்வளவு சொல்லியிருக்கும்!

பூச்சித் தொல்லைக்கு மருந்து கண்டவர் பிரான்சில் மெட்ஸ் நகரத்து மருந்துக் கடைக்காரர் பெகூர் (1718-1777). ஆர்சனிக், சோப்பு, கற்பூரம், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து ஒரு சோப்புக் கலவை செய்து தோலின் உட்புறம் பூசினார். செய்முறையைக் கடைசிவரை ரகசியமாகவே வைத்திருந்தார். அவர் இறந்த பிறகுதான் அது ஊருக்குத் தெரிந்தது. அதன்பின் ஐரோப்பா முழுக்க அதே கலவைதான். பறவைகள் பிழைத்தன, சரி. ஆனால் அந்த விஷம் இன்னும் அந்தத் தோல்களிலேயே இருக்கிறது. பழைய மாதிரிகளைத் தொடும் ஊழியர்கள் இன்றைக்கும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றைக்குச் செய்த தேர்வின் பில், வேறு யாரோ ஒருவர் கைக்கு வருகிறது.

இனி உள்ளே போடும் சமாச்சாரம். பஞ்சைத் திணித்தால் வேலை சுலபம். ஆனால் பஞ்சு ஈரத்தை இழுக்கும், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும், துரு தோலைத் தின்னும். களிமண்ணைக் கண்குழியில் கொஞ்சம் வைக்கலாம். அதிகம் வைத்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதனால்தான் பழைய கைகாரர்கள் சணல் நாரையோ மரச்சுருளையோ, உரித்தெடுத்த உடலின் அதே அளவுக்கு நூலால் இறுக்கிச் சுற்றி ஓர் உருண்டை செய்வார்கள். கனமில்லை, குத்திய கம்பியும் ஆடாது. இப்போது அந்த இடத்துக்கு பாலியூரித்தேன் நுரை வந்துவிட்டது. செதுக்க வசதி, ஆனால் வருஷம் ஆக ஆக மஞ்சளித்துப் பொடியாகும். சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் ஒருபடி மேலே போனார். 1825இல் வந்த தன் பயண நூலில், உள்ளே எதுவுமே வேண்டாம், தோலைப் பாதரச உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கூடாகவே வடிவம் கொடுக்கலாம் என்று எழுதினார். அதுவும் விஷம்தான்!

பசை இன்னும் வம்பு. பறவைத் தோல் காகிதம் மாதிரி மெல்லியது. அதில் கொழுப்பைச் சுரண்டி எடுக்காமல் விட்டால் எந்தப் பசையும் பிடிக்காது. அந்தக் கொழுப்பே காலப்போக்கில் தோலை எரித்து நொறுங்க வைக்கும். மைதாப் பசையும் வஜ்ஜிரமும் வெந்நீரிலோ ஈரத்திலோ இளகிவிடும், அது நல்லது. ஆனால் அவை பூச்சிகளுக்கு விருந்து. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை காய்ந்து இறுகிவிட்டால், பிறகு சுத்தமாக எடுப்பது பெரும்பாடு. உடனடிப் பசை இறகில் வெள்ளைப் படலமாகப் படியும். எபாக்சி கல் மாதிரி நிற்கும். அலகுக்கும் காலுக்கும் அது சரி, தோலுக்கு ஆகவே ஆகாது.

ஏன் ஆகாது? பாதுகாப்பு நிபுணர்கள் சொல்லும் விதி இதுதான்: பசை தோலைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும். வெயிலிலும் ஈரத்திலும் தோல் சுருங்கி விரியும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பசை விட்டுக்கொடுத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். தோல் கிழிந்தால் கிழிந்ததுதான். இன்னொரு விதி, நாளைக்கு வேறொருவர் கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அதற்காகவே பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அருங்காட்சியகங்கள் விரும்புகின்றன, அசிட்டோனில் கரைந்துவிடும் என்பதால். ஆனால் அது 40 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும். லண்டனுக்குப் பொருந்துவது, மே மாதத்து எழும்பூருக்கு அப்படியே பொருந்தாது.

கடையில் பசை வாங்கும் யாரும் முதலில் தேடுவது 'கெட்டியாகப் பிடிக்குமா' என்பதைத்தான். இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய கேள்வி 'விடுமா' என்பது. டப்பாவின் விலை நூறோ இருநூறோ. ஒட்டப்படுவது, அந்த இனத்தின் கடைசிப் பறவையாக இருந்தாலும் இருக்கலாம்.