புரிகிறது, பேச வரவில்லை

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடும் வாக்கியம் ஒன்று உண்டு: "சார், படிச்சா புரியுது, பேசத்தான் வர மாட்டேங்குது." சொல்பவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துத் தேறியவர். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டியவர். செய்வினை வாக்கியத்தைக் கொடுத்தால் செயப்பாட்டுவினையாக மாற்றிக் காட்டுவார். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று ஆங்கிலத்தில் கேட்டால் மட்டும் பார்வை விட்டத்துக்குப் போய்விடும். "ஐ... ஈட்... நோ, ஏட்..." என்று மனசுக்குள் அட்டவணையைத் தேடத் தொடங்குவார்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று எந்த வாத்தியாரும் சொல்லமாட்டார். நோட்டைப் பார்த்தாலே உழைப்பு தெரியும். பன்னிரண்டு டென்ஸும் கட்டம் கட்டமாக, தலைப்புகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. ஆனால் அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவர்கள் செய்வது ஒரே காரியம்: திரும்பத் திரும்ப வாசிப்பது.

அமெரிக்க உளவியலாளர்களான ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பழக்கத்தின் கோளாறைக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடப் பகுதியை நான்கு சுற்றுப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். மறுவாசிப்பு ஏமாற்றுவது இப்படித்தான். படித்த சூட்டில் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். அடுத்த வாரம் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அதனால் அனுபவமுள்ள வாத்தியார்கள் பாடம் முடிந்த கையோடு நோட்டை மூடச் சொல்லிவிடுவார்கள். "இப்ப சொல்லுங்க." அந்த இடத்தில் ஏற்படும் திணறல்தான் உண்மையான படிப்பு.

அடுத்த கோளாறு, 'தினம் பத்து வார்த்தை' என்ற திட்டம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒற்றைத் தமிழ்ப் பொருள். மேக், டூ இரண்டுக்கும் எதிரே 'செய்' என்று எழுதிவைத்தவர், 'தப்பு செய்தேன்' என்பதற்கு "ஐ டிட் எ மிஸ்டேக்" என்றுதான் சொல்வார். சே, டெல் இரண்டுக்கும் 'சொல்' என்று எழுதியவர் வாயில் "ஹி செட் மி" என்று வரும். சொல்லைத் தனியாகப் பிடுங்கி வைத்ததன் விளைவு இது. 'மேக் எ மிஸ்டேக்', 'டூ ஹோம்வொர்க்', 'ஹி டோல்ட் மி' என்று கூட்டாகவே மனசில் ஏற்றியவருக்கு, பேசும் நேரத்தில் எதை எதோடு சேர்ப்பது என்ற யோசனையே எழாது.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி இதைத் தெரிந்துதான் அகராதி தொகுத்தார். 1942-ல் ஜப்பானில் அச்சான அவருடைய அகராதி, சொல்லுக்குப் பொருள் தந்ததோடு எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்பதையும் காட்டியது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்புச் செய்தது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி அதன் வழிவந்ததுதான். கைப்பேசியில் ஆங்கிலம்-தமிழ் செயலி மட்டும் வைத்திருப்பவர்கள், புரட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த அகராதி தரும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

எந்தச் சொற்களைப் படிப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். 'உபிக்விடஸ்' தெரியும், 'கெட்', 'டேக்' இரண்டையும் இடமறிந்து பயன்படுத்தத் தெரியாது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1953-ல் ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி இப்படிப்பட்ட எளிய சொற்களிலேயே நடந்துவிடுகிறது. அவற்றைச் சரளமாகக் கையாள்பவர் நேர்முகத் தேர்விலும் வங்கிக் கவுண்டரிலும் தடுமாறமாட்டார்.

தமிழ் வழியாக யோசிப்பதால் வரும் பிழைகள் தனி ரகம். பஸ்ஸில், காரில், ஸ்டேஷனில் என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் அதே மூன்றும் 'ஆன் தி பஸ்', 'இன் தி கார்', 'அட் தி ஸ்டேஷன்' என்று பிரிந்துபோகும். 'மூணு வருஷமா வேலை பார்க்கிறேன்' என்பது நிகழ்கால வாக்கியம். எனவே "ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று வருவது இயல்பு. சரியான வடிவம் "ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்". இப்படிப்பட்டவற்றை எல்லாம் ஒரே வாரத்தில் திருத்தப் புறப்படுகிறவர் வாயடைத்துப் போவார். தன் பிழைகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் துரத்துகிறவர் தேறிவிடுவார். பொதுப் பிழைகளின் பட்டியல் கடையில் கிடைக்கும். அவரவர் பிழைப் பட்டியலை அவரவர்தான் எழுத வேண்டும்.

ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டும் படித்ததன் விலை உச்சரிப்பில் தெரியும். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாவதை அழுத்தினால் வினை. 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபி' இரண்டாவதிலும், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதிலும் அழுத்தம் பெறும். எல்லா அசையையும் ஒரே எடையில் உச்சரிக்கும்போது, இலக்கணம் சரியாக இருந்தும் எதிரே இருப்பவர் "சாரி?" என்று கேட்பது இதனால்தான். தமிழ் சப்டைட்டிலோடு படம் பார்ப்பது இதற்கு உதவாது. கண் தமிழை வாசித்துக்கொண்டிருக்கும். எழுத்துப் பிரதியோடு கிடைக்கும் பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட நிகழ்ச்சி போன்ற ஒன்றில் நான்கே வரிகளை எடுத்துக்கொள்ளலாம். கேட்டு, நிறுத்தி, கூடவே சொல்லி, கைப்பேசியில் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தன் குரலைக் கேட்க முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

இந்த எல்லாக் கோளாறுகளும் ஒன்றுகூடும் இடம் கேம்பஸ் இன்டர்வியூ. "மைசெல்ஃப்..." என்று ஆரம்பித்து ஊர், அப்பாவின் தொழில், பொழுதுபோக்கு எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்து முடியும். "ஓ, க்ரிக்கெட்? டெல் மி அபௌட் யுவர் லாஸ்ட் மேட்ச்" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், அறை நிசப்தமாகிவிடும். அந்த மாணவருக்குக் கிரிக்கெட் தெரியும். கடைசி மேட்ச்சில் யார் கேட்ச்சை விட்டது என்றுகூடத் தெரியும். அதை ஆங்கிலத்தில் யாரிடமும் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஒப்பிக்கும் நேரத்தில் பாதியை நண்பனிடம் அந்த மேட்ச்சை விவரிப்பதற்குச் செலவிட்டிருந்தால் பதில் தானாக வந்திருக்கும்.

எனவே வகுப்பில் சேர நினைப்பவர்கள், ஃபீஸ் கட்டும் முன் ஒரு நாள் உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாத்தியார் குரல் மட்டுமே கேட்கிறது என்றால், அவர் எவ்வளவு அழகாக நடத்தினாலும் வேறு இடம் பாருங்கள்.