திருநீர்மலை வழியில் தேற்றும் சொல்

குரோம்பேட்டையிலிருந்து மேற்கே திருநீர்மலைக்குச் செல்லும் சாலை, தோல் பதனிடும் கூடங்கள் நிறைந்த நாகல்கேணியைக் கடந்து செல்கிறது. குரோமிய உப்பைக்கொண்டு தோலைப் பதப்படுத்திய தொழிற்சாலை ஒன்றின் நினைவு குரோம்பேட்டை என்னும் பெயரிலேயே தங்கியிருப்பதால், 2021ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிய இப்பகுதியின் அண்மைக்கால வரலாற்றை அங்கு உழைத்தோரின் வரலாறு என்றே கொள்ளலாம். அவ்வரலாற்றுக்கு மிக முந்தியது மலைக்கோயில். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்திலும், மேலே சாந்த நரசிம்மர் இருந்த கோலத்திலும், அரங்கநாதர் கிடந்த கோலத்திலும், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்திலும் எழுந்தருளியுள்ள இத்தலம், பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திவ்விய தேசமாகும். மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தமையால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்தபின் ஏறித் தொழுதார் என்பது தலமரபு.

உச்சியில் நின்று வடகிழக்கே நோக்கினால், தோமா அப்போஸ்தலர் உயிர்நீத்த இடமெனக் கிறித்தவ மரபு போற்றும் பரங்கிமலை தெரியும். அங்கே 1523இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஆனால் இக்கட்டுரையின் பொருள் அவ்வாலயம் அன்று; இரு மலைகளுக்கும் இடைப்பட்ட தெருக்களில், கடைகளின் மாடியிலும் தகரக் கொட்டகையிலும் ஞாயிறுதோறும் கூடும் சிறு ஜெபவீடுகளில் ஒலிக்கும் பிரசங்கமே ஆகும். அதன் பெரும்பகுதி தேற்றும் பிரசங்கம். கேட்போருக்குப் புதிய கொள்கையைக் கற்பிப்பதைக் காட்டிலும், தளர்ந்தவரைத் திடப்படுத்துவதையே அது நோக்கமாகக் கொள்ளும். புத்தாண்டு ஆராதனையில் வழங்கப்பட்டு, ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்குத்தத்த அட்டை, அதாவது இறைவனின் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் திருவசனம் அச்சிட்ட அட்டை, இப்பிரசங்கத்தின் மிகச் சுருங்கிய வடிவம் எனலாம்.

இக்கட்டுரையாளர் நெடுங்காலம் இவ்வகைப் பேச்சைக் கடுமையாக மதிப்பிட்டவர். அம்மதிப்பீட்டிற்கு உரைகல்லாக நின்றது, திருநீர்மலைக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள தாம்பரம். 1837இல் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அவ்வளாகத்தில் பன்னாட்டு மிஷனரி மாமன்றத்தின் மாநாடு நடைபெற்றது. கிறித்தவச் செய்திக்கும் பிற சமயங்களுக்கும் உள்ள உறவு யாது என்னும் வினாவை முன்வைத்து டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு பெருநூலை அம்மாநாட்டிற்கென்றே எழுத, அதற்கு மறுமொழியாகச் செஞ்சையா, சக்கரை முதலிய சென்னைச் சிந்தனையாளர் இந்திய நோக்கில் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்யும் நூலொன்றை வெளியிட்டனர். இத்தகைய வாதங்களைப் படித்துப் பழகிய செவிக்கு, ஒரே ஆறுதலைப் பலமுறை திருப்பிச் சொல்லும் ஜெபவீட்டுப் பேச்சு, பொருள் மெலிந்ததாகவும் கேட்போரின் கண்ணீரை எளிதில் வரவழைக்கும் உத்தியாகவும் தோன்றியது.

கிறித்தவப் பிரசங்கத்தை வெறுத்தோ எதிர்த்தோ நின்றவர்கள் அதனிடம் ஏதோ ஒன்றைக் கண்டெடுத்த வரலாறு தமிழில் புதிதன்று. மிஷனரி பீட்டர் பெர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், மிஷனரிகளின் சமயப் பரப்புரையை வன்மையாக மறுத்தவராயினும், 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியபோது, அவர்களது பேச்சு முறையின் ஆற்றலை உணர்ந்தே தொடங்கினார். வைணவக் குடியில் 1827இல் பிறந்து, கம்பனில் தோய்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் வழி வேறு. தொடக்கத்தில் கிறித்தவத்தின்மீது வெறுப்புற்றிருந்த அவர் 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் பயணக் கதையைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். பனியனின் கதை முழுதும் ஒரு வழிநடை. அதில் பாரம் சுமந்து அவநம்பிக்கைச் சேற்றில் அமிழ்பவனுக்கு, கரையிலிருந்து வந்து கைகொடுப்பவன் முதலில் வேண்டியிருக்கிறான். மறைபொருள் விளக்கம் கரையேறியபின்தான் அவனுக்குக் கிடைக்கிறது. இவ்வரிசையைக் கவனியாமல் அக்கதையைப் படித்ததே இக்கட்டுரையாளரின் பழைய பிழை.

அப்பிழை புலப்பட்டது, மலையிறங்கி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், சாலையோர ஜெபவீட்டின் வாயிலில் நின்று கேட்ட உரையினால் ஆகும். உரைக்கு எடுத்துக்கொண்ட பகுதி எலியா தீர்க்கதரிசியின் சோர்வு. உயிரே வேண்டாமென்று பாலைநிலத்தில் சூரைச்செடியின்கீழ் படுத்துவிட்ட எலியாவை, தேவதூதன் கண்டிக்கவில்லை; தட்டி எழுப்பி அப்பமும் நீரும் கொடுத்து, மீண்டும் உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் உண்ணச் செய்கிறான்; அதன்பின்னரே எலியா நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைகிறார். போதகர் இதனைக் கூர்மையாக ஆராயவில்லை. முதலில் உணவு, பிறகு உறக்கம், அதன் பிறகே பயணம் என்பதை மட்டும் பலமுறை சொன்னார். வார முழுதும் நின்று வேலை செய்து வந்தவர்கள் அதனைக் கேட்ட அமைதியில், முன்பு மெலிவு எனத் தோன்றிய அத்திரும்பச் சொல்லல், நடுங்கும் தோளில் வைத்த கையை உடனே எடுத்துவிடாத பரிவு என்று விளங்கிற்று.

பழைய கடுமையில் ஒரு பகுதி இன்றும் கைவிடத்தக்கதன்று. மருந்தை நிறுத்தச் சொல்வதும், காணிக்கைக்கு ஈடாகச் செல்வத்தை உறுதியளிப்பதும் தேற்றுதல் ஆகா. அவை துயருற்றவரின்மீது மேலும் ஒரு சுமையை ஏற்றுபவை. எலியாவுக்குத் தூதன் கொடுத்தது அன்றைய பசிக்கு வேண்டிய அப்பமேயன்றி, துன்பமற்ற வாழ்வைப் பற்றிய வாக்கு அன்று.

ஆராதனை முடிந்தபின் வாயிலில் ஒரு முதியவளைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்திய பெண், அவள் கால் ஊன்றும் வரை காத்திருந்து, பின்னர் மெல்ல நடத்திக்கொண்டு நாகல்கேணிப் பக்கம் சென்றாள்.