ஹாம் லாண்ட்ஸ்: கிடங்கு புல்வெளியான கதை

இலண்டனுக்குப் புதிதாக வந்து சேரும் எமது குடும்பங்கள் அரண்மனை வாசலையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் எப்படியோ முதல் ஆண்டிலேயே பார்த்துவிடுகின்றன. அதன் பின்னர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்பது பெரும் கேள்வி. நுழைவுக் கட்டணமும் வரிசையும் இல்லாமல் ஒரு பகற்பொழுதைக் கழிக்கக்கூடிய இடம் ஒன்றை இம்முறை அறிமுகம் செய்கிறோம். அதன் பெயர் ஹாம் லாண்ட்ஸ்.

தென்மேற்கு இலண்டனில், ரிச்மண்டுக்கும் கிங்ஸ்ரனுக்கும் நடுவே, தேம்ஸ் நதி பெரிய வளைவொன்றை எடுத்துத் திரும்புகிறது. அந்த வளைவின் உட்பக்கத்தில் 72 ஹெக்ரெயர் பரப்பில் புல்வெளியும் பற்றைக்காடும் விரிந்து கிடக்கின்றன. முதன்முறை பார்ப்பவர்கள் இது ஆதிகாலந்தொட்டு இப்படியே இருந்த நிலம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் நாம் நடந்து திரியும் இந்தத் தரை எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் வெறும் கிடங்கு. கிறவல் தோண்டிய கிடங்கு.

அதற்கும் முன்னர் இது ஊருக்குப் பொதுவான தரவையாக இருந்தது. ஓகஸ்ட் முதலாந் திகதி இங்கே லமாஸ் நாள். அறுவடை முடிந்த அந்த நாளிலிருந்து ஊரார் தங்கள் மாடுகளை வயலில் மேயவிடலாம் என்பது பழைய உரிமை. அரிவி வெட்டு முடிந்த வயலில் மாடு அவிழ்த்துவிட்ட எங்கள் ஊர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1902 ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ரிச்மண்ட் குன்றிலிருந்து தெரியும் தேம்ஸ் காட்சியைப் பாதுகாத்த சட்டம் அது. இங்கிலாந்தில் ஒரு காட்சிக்கென்றே சட்டம் இயற்றப்பட்டது அங்கு மட்டுந்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே சட்டத்தின் மறுபக்கத்தில், ஹாம் வயல்களில் ஊராருக்கிருந்த மேய்ச்சல் உரிமை முடிவுக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1904 இல், அங்கே கிறவல் தோண்டத் தொடங்கினார்கள். நதி ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த மணலும் கூழாங்கல்லும் வளர்ந்துவரும் நகரத்துக்குத் தேவைப்பட்டன. தோண்டல் 1952 வரை நீடித்தது.

தோண்டியது ஒருபுறம் இருக்க, குழிகளை நிரப்பியது எது என்பதுதான் எம்மை நின்று யோசிக்க வைத்த செய்தி. 1940 செப்ரெம்பர் 7 ஆந் திகதி தொடங்கி, 57 இரவுகளில் ஓரிரவு தவிர மற்றெல்லா இரவுகளிலும் இலண்டன் நகரம் விமானக் குண்டுவீச்சுக்கு ஆளானது. தெருத்தெருவாக வீடுகள் விழுந்தன. அந்த இடிபாடுகளை எங்காவது கொண்டுபோய்க் கொட்டத்தானே வேண்டும்? செங்கல்லும் காரையும் மண்ணும் ஹாம் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்தன. இன்றும் பாதையோரத்தில் முயல் கிளறிய இடங்களைப் பார்த்தால் சிவப்புச் செங்கல் துண்டு தலைகாட்டும். அது எந்தத் தெருவில் யாருடைய வீட்டுச் சுவரில் இருந்தது என்று இப்போது எவராலும் சொல்ல முடியாது. ஷெல்லடியிலும் விமானத் தாக்குதலிலும் வீட்டை இழந்து வந்த எங்களுக்கு, அந்தத் துண்டைக் கையிலெடுத்துப் பார்க்கும்போது விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

நிரப்பிய நிலத்தின் ஒரு பகுதியில் 1960களில் வீடுகள் எழுந்தன. ஒரு கிடங்கு மட்டும் நிரப்பப்படாமல் நீர்நிலையாக நின்றுவிட்டது. பிள்ளைகள் படகோட்டப் பழகும் இடமாக அது பயன்படுகிறது. எஞ்சிய நிலத்தில் புல் படர்ந்தது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. கொட்டிய மண் பல இடத்து மண். ஓரிடத்தில் களி, இன்னோரிடத்தில் மணல், மற்றோரிடத்தில் சுண்ணாம்புக் காரை. ஆகையால் நூறு யார் நடப்பதற்குள் செடிவகை மாறிவிடுகிறது. சுண்ணாம்புத் தரையை விரும்பும் ஓர்க்கிட் வகைகள் இங்கே பூக்கின்றன. ஒன்றின் பூவில் தேனீ உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். இன்னொன்று கூம்பு வடிவில் இளஞ்சிவப்பாக நிற்கும்.

நல்ல பசளை மண்ணில் அல்லவா பூ நிறையும் என்று கேட்பீர்கள். கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர்கள் நிச்சயம் கேட்பார்கள். புல்வெளியில் கணக்கு மாறுகிறது. பசளை கூடினால் முரட்டுப் புல் இரண்டொரு வகை உயர்ந்து வளர்ந்து சிறு செடிகளை மூடிவிடும். மெலிந்த மண்ணில் எதுவும் மற்றதை அமுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களுக்கும் 1980களின் நடுப்பகுதிக்கும் இடையில் தாழ்நிலப் பூப்புல்வெளிகளில் நூற்றுக்கு 97 பங்கு இல்லாமற் போனதற்கு உழவும் பசளையுமே பெருங் காரணங்கள்.

புல் தானாக முளைத்தது என்பதும் பாதி உண்மைதான். சும்மா விட்டால் சில ஆண்டுகளில் முட்பற்றை ஏறி, பின்னர் மரக்காடாகிவிடும். ஆகவே விதை உதிர்ந்த பின், கோடை முடிவில், புல்லை வெட்டுகிறார்கள். வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் அது மக்கிப் பசளையாகிவிடும். அதனால் வாரி அகற்ற வேண்டும். முன்னர் மாடுகள் செய்த வேலையை இப்போது இயந்திரமும் தொண்டர்களின் கைகளும் செய்கின்றன. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை இது. ஓராண்டு வெட்டிவிட்டு மறந்துவிட முடியாது. மாடு மேய்வதைப் பார்க்க விரும்பும் பிள்ளைகளை நதியோரமாக ரிச்மண்ட் பக்கம் நடத்திச் செல்லுங்கள். பீற்றர்ஷாம் புல்வெளியில் கோடைகாலத்தில் மாடுகள் நிற்கும்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். கிங்ஸ்ரனிலிருந்தோ ரிச்மண்டிலிருந்தோ 65 அல்லது 371 இலக்க பஸ்சில் ஏறி ஹாமில் இறங்கி நதியை நோக்கி நடக்கலாம். பெரியவர் ஒருவருடன் வரும் 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பஸ் கட்டணம் இல்லை. ரெடிங்ரனில் இருந்து வருபவர்கள் அணைக்கட்டருகே உள்ள நடைபாலத்தால் நதியைக் கடந்தால் போதும். ஓர்க்கிட் பார்க்க யூன் நடுப்பகுதி உகந்தது. பெருவெள்ளக் கடலேற்ற நாட்களில் நதியோரப் பாதையில் தண்ணீர் ஏறும். அன்று உட்புறப் பாதையால் நடப்பது நல்லது. காஞ்சோன்றி நிறைய உண்டு, ஆதலால் பிள்ளைகளுக்கு நீளக் காற்சட்டை போடுங்கள்.

செடிகளைக் கிண்டி எடுக்காதீர்கள். நிலச் சொந்தக்காரரின் அனுமதியின்றிக் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவது 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது மட்டுமல்ல, மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சணத்தோடு சேர்ந்தே ஓர்க்கிட் வாழும். வீட்டுச் சாடியில் வைத்தால் பிழைக்காது. ஓகஸ்ட் கடைசியில் பற்றைகளில் பிளாக்பெரி பழுக்கும். வீட்டுத் தேவைக்கு ஒரு கிண்ணம் பறிப்பதை யாரும் தடுப்பதில்லை. வழியில் சந்திக்கும் அவ்வூர் முதியவர்களோடு இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். கிடங்குகளைக் கண்ணால் கண்டவர்கள் சிலர் இன்னும் அங்கே இருக்கக்கூடும்.